காலையில் சுடாத வாஷிங் மெஷின்

1

“…நீங்க பாக்குறப்ப மட்டும் சுடுதுங்கண்ணே. நான் போட்டா பச்சத்தண்ணி. ஆளு பாத்து வேலை செய்ய மெஷினுக்கும் தெரியுமா?”

கேட்டவள் செல்வி. காரைக்காலில் என் தங்கை ஜெமீலா வீட்டில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறவள். மண்டபத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்துக் காலை ஆறு மணிக்கெல்லாம் வந்து நிற்பாள். அவள் போன் திரையில் இருந்தாள். நான் பாரீஸுக்கு வெளியே ஒரு பெரிய சலவைக்கூடத்தின் பின்வாசலில், ஒன்பது மணி இடைவேளையில், காகிதக் கோப்பையில் காப்பியோடு நின்றிருந்தேன்.

கேட்டதும் சிரித்துவிட்டேன். செல்வி வாயைத் திறந்தால் நான் சிரிப்பது வழக்கம். மனிதர்கள் போகிறபோக்கில் சொல்கிற வாக்கியங்களை எழுதி வைக்க என்னிடம் ஒரு நோட்டு உண்டு. அதில் ஏழெட்டுப் பக்கம் செல்விக்கே போயிருக்கிறது. போன தடவை ஊருக்குப் போனபோது நான் வாங்கிப்போன சோப்பை முகர்ந்து பார்த்தாள். “இந்த வாசம் அழுக்குக்கும் புடிச்சுப்போச்சுண்ணே, வெளிய போவ மாட்டேங்குது” என்றாள். அந்த மாதிரி.

மெஷினுக்கு ஆள் தெரியுமா என்பதையும் அன்றைக்கு மறக்காமல் நோட்டில் எழுதினேன். பதில் சொல்லத் தோன்றவில்லை. அது கேள்வி என்பதே எனக்கு உறைக்கவில்லை.

2

இந்த மாதத்தோடு நான் பிரான்ஸுக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. அதில் பத்தொன்பது வருஷம் இந்தச் சலவைக்கூடத்தில்தான். ஹோட்டல்களிலிருந்து விரிப்பும் துண்டும் வண்டி வண்டியாக வரும். ஒரு மெஷினுக்குள் நாலு பேர் நின்று தொழலாம், அவ்வளவு பெரிது. தண்ணீர் எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம், எந்தத் துணிக்கு எந்த மருந்து என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாவது வரைக்கும்தான். மிச்சத்தைக் கூட வேலை செய்கிறவர்களிடம் வாயைக் கொடுத்துக் கொடுத்தே கற்றுக்கொண்டேன்.

ஆகவே எங்கள் குடும்பத்தில் துணி என்றால் நான்தான் கடைசி வார்த்தை. “நானா சொல்லிட்டாங்கல்ல” என்பாள் ஜெமீலா, அண்ணனை எங்களில் நானா என்போம். அதற்கு மேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. எந்தப் பவுடர் வாங்குவது என்பதுகூட இங்கிருந்துதான் முடிவாகும். எனக்கும் அது பிடித்திருந்தது. பிள்ளைகள் படிப்பு, நிலம், வீட்டு வரி என்று மற்ற எதைப்பற்றியும் ஊரில் யாரும் என்னிடம் கேட்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

இரண்டு வருஷம் முன்பு ஊருக்குப் போயிருந்தபோது நானே கடைக்குக் கூட்டிப்போய் ஜெமீலாவுக்கு அந்த மெஷினை வாங்கிக் கொடுத்தேன். முன்பக்கம் கண்ணாடிக் கதவு, உள்ளேயே தண்ணீரைச் சுடவைக்கும் வசதி. “நம்ம ஊருக்கு எதுக்கு நானா சுடுதண்ணி?” என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன். இருந்தது. இந்தச் சித்திரை வரைக்கும் அந்த வீட்டில் யாரும் அந்த வசதியைத் தொடவில்லை.

சித்திரையில் ஜெமீலாவின் பிள்ளைகளில் சின்னவனுக்கு விரலிடுக்கில் அரிப்பு வந்தது. அப்புறம் ஜெமீலாவுக்கு. அப்புறம் அவள் வீட்டுக்காரர் காசிம் மச்சானுக்கு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் போகிற சொறி என்று டாக்டர் சொல்லி எல்லோருக்கும் களிம்பு கொடுத்தார். அன்றே படுக்கை விரிப்பு, தலையணை உறை, கைலி, துண்டு எல்லாவற்றையும் நல்ல சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும் என்றாராம்.

ஜெமீலா எனக்குப் போன் போட்டாள். நான் அறுபது டிகிரி என்றேன். அந்த எண்ணுக்கு நேராக ஒரு சிவப்பு டேப்பை ஒட்டச் சொன்னேன். சூட்டுத் திருகியை அங்கே நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். செல்வி மறுநாள் காலையிலிருந்து அப்படியே செய்தாள். துவைத்த துணி மொட்டைமாடி ஷெட்டுக்குள் நிழலில் காயும். பதினைந்து நாளில் அரிப்பு திரும்ப வந்தது. திரும்பக் களிம்பு. திரும்ப அரிப்பு.

அப்போதுதான் செல்வி தண்ணீர் சுடவில்லை என்று சொன்னாள்.

3

சரி, பார்த்துவிடுவோம் என்று என் இடைவேளையில் வீடியோவில் அழைத்தேன். எனக்கு இருபது நிமிஷம் இடைவேளை. நாலு பழைய துண்டைப் போடச் சொன்னேன். ஜெமீலா போட்டாள். சிவப்பு டேப்புக்குத் திருகினாள். மெஷின் நின்றதும், சலவைக்கூடத்துக்குள் போனை ஒளித்து வைத்துக்கொண்டு, கதவைத் திறக்கச் சொன்னேன்.

“யா அல்லாஹ், என்னா சூடு” என்று கையை உதறினாள் ஜெமீலா. துண்டு சுடச்சுட வந்தது.

மறுநாளும் சோதித்தோம். மறுநாளும் சூடு. மூன்றாம் நாள்தான் செல்வி பக்கத்தில் நின்று, இந்தக் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கிறதே, அதைக் கேட்டாள்.

நான் சிரித்து முடித்தபோது திரையில் காசிம் மச்சான் வந்தார். மச்சானுக்கு ஊரில் பைப், குழாய், தண்ணீர்த் தொட்டி விற்கும் கடை. நிதானமானவர், ஆனால் அந்த வாரம் முழங்கை வரைக்கும் சொறிந்து புண்ணாகியிருந்தது. சொறிகிற மனிதனுக்கு யார்மேலாவது கோபம் வேண்டும். “என்ன மாப்புள முடிவா?” என்று கேட்டார்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. “மெஷின்ல ஒண்ணும் இல்ல மச்சான். போடுற கையிலதான் ஏதோ இருக்கு.”

செல்வி அங்கேயே நின்றிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். அப்புறம் இடைவேளை முடிந்தது, நான் உள்ளே போய்விட்டேன். உள்ளே போனால் மத்தியானம் வரைக்கும் நீராவியும் இரைச்சலும்தான், வேறு எதுவும் நினைவில் நிற்காது.

4

நான் சொன்ன ஒரு வாக்கியத்தை மச்சான் இரண்டாக ஆக்கிக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒன்று, அவள் அவசரத்தில் திருகியை மாற்றி வைத்துவிட்டுப் பழியை மெஷின்மேல் போடுகிறாள். இரண்டு, அரிப்பே அவள் வீட்டிலிருந்துதான் வந்திருக்கும். செல்விக்கு உடம்பில் ஒரு பொட்டு அரிப்பு இல்லை. டாக்டரும் அப்படி எதுவும் சொல்லவில்லை. மூத்தவன் சென்னை ஹாஸ்டலிலிருந்து அந்த மாதம்தான் மூட்டையோடு வந்திருந்தான், அதை யாரும் யோசிக்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று எனக்கும் இன்றுவரை தெரியாது.

ஜெமீலா செல்வியைப் பத்து நாள் வேலைக்கு வராமல் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டாள். அதைச் சொல்லும்போது அவள் செல்வி முகத்தைப் பார்க்கவில்லையாம். ஜெமீலாவே பிறகு சொன்னாள். தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் செல்விக்குப் பாத்திர வேலை இருந்தது. மூன்றாம் நாள் அந்த இரண்டு வீட்டிலும் ‘கொஞ்ச நாள் ஆகட்டும்’ என்றார்கள். சொறி என்று ஒரு சொல் தெருவுக்குள் இறங்கிவிட்டால் நாம் கூடவே போய் விளக்கம் சொல்ல முடியுமா? அவளுடைய மகள் பிளஸ் டூ முடித்து நர்சிங்குக்கு மனுப் போட்டிருந்த நேரம் வேறு.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. ஆறாம் நாள் ஜெமீலா அழைத்தாள். அழைத்தது வழக்கமான நேரத்தில்தான், குரல்தான் வேறு மாதிரி இருந்தது.

“நானா, விடியக்காலையில சுபுஹு தொழுதுட்டு நானே போட்டேன். நானே திருகுனேன். டேப்புல கரெக்டா வச்சேன். ஐஸ் மாதிரி வருது நானா.”

“இப்பப் போட்டுப் பாரு.”

போட்டாள். சூடாக வந்தது.

அந்த வாரம் என்னைப் பிடித்த குழப்பத்தைச் சொல்லி மாளாது. காலையில் சுடாது, பகலில் சுடும். காலையில் கரண்ட் வோல்ட்டேஜ் குறைவோ? மச்சான் மீட்டர் வைத்துப் பார்த்தார், காலையில்தான் நன்றாக இருந்தது. காலையில் துணி அதிகமோ? ஜெமீலா ஒரே ஒரு கைக்குட்டையைப் போட்டுப் பார்த்தாள், அதுவும் குளிர்ந்தே வந்தது. தெர்மோஸ்டாட் காலை நேரத்தில் ஒட்டிக்கொள்கிறதோ? எங்கள் கூடத்து மெக்கானிக் மூஸா மாலி நாட்டுக்காரர். அவரிடம் கேட்டேன். “மெஷினுக்கு மணி தெரியாது நண்பா. மணி தெரிந்த வேறு ஏதோ ஒன்று நடுவில் இருக்கிறது” என்றார். அதையும் நோட்டில் எழுதினேன். எழுதத்தான் தெரிகிறது எனக்கு.

கம்பெனி ஆளை வரவழைக்கலாம் என்றால் அது தனிக் கதை. மெஷினை வாங்கும்போது என் இந்திய நம்பரைக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்த பிறகு ரீசார்ஜ் செய்ய மறந்து அந்த நம்பர் போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் அந்த நம்பருக்குத்தான் ஓடிபி அனுப்புவார்களாம். “சார், பதிவு பண்ண நம்பர்லேர்ந்து கூப்புடுங்க” என்றாள் ஒரு பெண். அது செத்துப்போச்சும்மா என்றேன். “அப்ப நம்பர் மாத்தணும் சார். அதுக்குப் பழைய நம்பருக்கு ஓடிபி வரும்” என்றாள். குரல் அவ்வளவு மரியாதை. இங்கே நான் குடியிருப்பு அட்டைக்கு வரிசையில் நின்ற வருஷங்களில், விலாசத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள், அட்டை இருந்தால்தான் வீடு கிடைக்கும், வீடு இருந்தால்தான் விலாசம். இரண்டு நாட்டுக் காகிதமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கடைசியாக மகள் சபியாவை அழைத்தேன். லியோனில் படிக்கிறாள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அழுக்குத்துணிப் பையோடு ரயிலேறி வீட்டுக்கு வருவாள். இப்போது அங்கேயே காசு போட்டுத் துவைக்கிற கடைக்குப் போய்விடுகிறாள். மாதம் ஒருமுறை வந்தால் அதிகம். ஜெமீலாவையும் சேர்த்து மூன்று பேரும் வீடியோவில் பேசினோம். சபியா மெஷினின் கையேட்டை எங்கிருந்தோ எடுத்துப் படித்துவிட்டு, தமிழில் கவனமாகக் கோர்த்து, “மாமி, உள்ள வர்ற தண்ணிக்கு எவ்வளவு காய்ச்சல்?” என்று கேட்டாள்.

ஜெமீலா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். மூத்தவன் வந்து, “தண்ணிக்கு மாத்திரை குடுத்தாச்சு சபியா” என்றான். சபியாவும் சிரித்தாள், ஆனால் அதற்குப் பிறகு பிரெஞ்சில் என்னிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டாள். படிக்கிற வேலை இருக்கிறதாம். அவள் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பது யாருக்கும் படவில்லை. தமிழில் பேசு பேசு என்று இருபது வருஷம் நச்சரித்தவன் நான்தான்.

5

ஜெமீலா மறுநாள் ஆட்டோ பிடித்து மண்டபத்தூர் போனாள். போகச் சொன்னது நான் இல்லை. அவளுக்கே பொறுக்கவில்லை. செல்வி வீட்டில் இல்லை. திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் விரிப்புத் துவைக்கிற வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்றாள் மகள். லாட்ஜ்காரர் விசாரிக்க மாட்டாரா, சொறி என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அங்கேயும் போய்விடுமே என்று அந்தப் பெண் ஜெமீலாவிடமே கேட்டிருக்கிறாள். ஜெமீலாவுக்குத் தலை நிமிரவில்லை. “காலையில சுடலன்னு உங்கம்மா சொன்னது நெசம்தான், நானே பாத்தேன்னு சொல்லு” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

புதன்கிழமை எனக்கு ஓய்வு நாள். காலை எட்டு மணிக்கு மேல் போன் அடித்தது. திரையில் செல்வி.

லாட்ஜில் அன்று பிற்பகல் வேலை. அதற்கு முன்னால் ஜெமீலா வீட்டுக்கு வந்திருக்கிறாள். வணக்கமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அங்கே பன்னிரண்டு மணி வெயில். மச்சானும் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்து கூடத்தில் நின்றிருந்தார்.

“அண்ணே, நீங்க எப்பவும் இந்த நேரத்துலதான கூப்புடுவீங்க?”

ஆமாம், இடைவேளை அப்போதுதான் என்றேன். எனக்கு ஒன்பது என்றால் அங்கே பன்னிரண்டரை.

“நான் போடுறது ஆறு மணிக்கு” என்றாள்.

ஜெமீலாவிடம் போனைக் கொடுத்து எனக்குக் காட்டச் சொன்னாள். குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு வாளி பிடித்தாள். கொல்லையில் அடிபம்பு இருக்கிறது, அதில் ஒரு வாளி அடித்தாள். இரண்டையும் மச்சான் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். “கைய விடுங்க பாய்” என்றாள். மச்சான் முதல் வாளியில் கையை விட்டு, சுட்டதும் வெடுக்கென்று எடுத்தார். இரண்டாவதில் விட்டார். அப்புறம் மொட்டைமாடிப் பக்கம் அண்ணாந்து பார்த்தார். மாடியில் வெட்டவெளியில் நிற்கிற கறுப்புத் தண்ணீர்த் தொட்டி அவர் கடையிலிருந்தே வந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். புரியவில்லை. “அதுக்கும் மெஷினுக்கும் என்னம்மா?” என்று கேட்டேன்.

செல்வி என்னைத் திட்டவில்லை. மெஷினுக்குப் போகிற குழாயை மூடினாள். துண்டைப் போட்டு, சிவப்பு டேப்புக்குத் திருகி, பவுடர் போடுகிற பெட்டியை இழுத்து, அடிபம்புத் தண்ணீரைச் செம்பு செம்பாக அதில் ஊற்றினாள். மெஷின் வாங்கிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. “இப்பப் பாருங்க” என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம். ஜெமீலா சாப்பிடச் சொன்னாள், அவள் வேண்டாமென்றாள். நான் போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு இங்கே வெங்காயம் நறுக்கினேன். நாலு பேரும் ஒரு கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

ஒரு மணி நேரம் கழித்து மச்சான் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. வைத்தபடியே இருந்தார். அது சில்லென்று இருந்தது.

மெஷின் ஒருநாளும் தண்ணீரைச் சுடவைக்கவே இல்லை. மாடித் தொட்டித் தண்ணீரைப் பகலில் வெயில் சுடவைத்தது, ராத்திரி அது ஆறிப்போனது. மூஸா சொன்ன, மணி தெரிந்த அந்த வேறொன்று சூரியன்தான். பிறகு வந்த ஊர் மெக்கானிக் உள்ளே இருந்த ஹீட்டரைக் கழற்றிக் காட்டினார். உப்பு பூத்துத் துருவேறி, நடுவில் வெடித்திருந்தது. எப்போது வெடித்தது என்று சொல்ல ஆளில்லை.

இதில் எனக்கு இன்னும் விளங்காதது ஒன்று உண்டு. நல்ல மெஷினில் அறுபது டிகிரியில் துவைத்தாலும் துணி சூடாக வெளியே வராது. கடைசியில் அலசுவது பச்சைத் தண்ணீரில். அதனால் குளிர்ந்துதான் வரும். பத்தொன்பது வருஷமாகத் தினமும் அந்தக் குளிர்ந்த விரிப்பைத்தான் கையால் எடுக்கிறேன். ஜெமீலா கதவைத் திறந்து “என்னா சூடு” என்று கையை உதறியபோதே தெரிந்திருக்க வேண்டும், அலசுகிற தண்ணீரும் சுடுகிறது என்று. தெரியவில்லை. இங்கே குழாயைத் திறந்தால் எந்த மாதமும் குளிர்ந்த தண்ணீர்தான் வரும். தண்ணீர் என்றாலே அதுதான் என்று எப்போது நினைக்க ஆரம்பித்தேன்? கோடையில் உச்சிவேளைக்குக் காரைக்காலில் குழாயைத் திறந்தால் முதல் செம்பைக் கீழே ஊற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷத்தில் ஊரில் எதை எதை மறந்தேன் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன், தெருப்பெயர், உறவுமுறை, வெள்ளிக்கிழமைச் சந்தை என்று. மறந்ததே தெரியாமல் மறந்தது அந்தக் கணக்கில் எப்படி வரும்?

சபியாவை அழைத்து, உள்ளே வருகிற தண்ணீர் எவ்வளவு சூடு என்று நீ கேட்டதுதான் சரியான கேள்வி என்று சொன்னேன். “எனக்குத் தெரியும் வாப்பா” என்றாள், பிரெஞ்சில்.

6

அந்தப் புதன்கிழமைக்கே திரும்புகிறேன்.

“செல்வி, நான் பெரிய தப்பு பண்ணிட்டேன்மா. உன் கையிலதான் கோளாறுன்னு சொன்னது நான்தான்” என்றேன். ஜெமீலா போனை அவள் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள். செல்வி திரையைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், நோட்டில் எழுதுகிற மாதிரி ஒன்று சொல்வாள் என்றுகூடக் காத்திருந்தேன். அவள் எனக்கு எதுவும் தரவில்லை.

ஜெமீலாதான் பேசினாள். அந்த இரண்டு வீட்டுக்கும் தானே போய், நடந்தது இன்னது என்று சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னாள்.

“அத மொதல்ல சொல்லுங்கக்கா” என்றாள் செல்வி.

“நாளையிலேர்ந்து வர்றியா?”

“லாட்ஜுல மாசத்துக்கு ஒத்துக்கிட்டேங்கக்கா.”

மச்சான் அதுவரைக்கும் அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். தொண்டையைச் செருமி, “பசங்க துணிய இப்ப என்ன பண்றது?” என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவர் வாயில் அதுதான் வந்தது என்று நினைக்கிறேன்.

செல்வி எழுந்தாள். உள்ளே போய்ப் பெரிய அலுமினிய அண்டாவை எடுத்துவந்து கொல்லை அடுப்பில் ஏற்றினாள். அடிபம்பில் எட்டு நடை தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினாள். பற்றவைத்தாள். விரிப்பு, உறை, சின்னவன் சட்டை, மச்சான் கைலி எல்லாவற்றையும் உள்ளே அமுக்கினாள். ஆவி எழும்பிப் போன் கேமரா மங்கியது. ஜெமீலா துடைத்துவிட்டுத் திரும்பப் பிடித்தாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதும் மூலையில் சாத்தியிருந்த மூங்கில் கம்பை எடுத்து, மூன்று தடவை புரட்டிக் காட்டினாள். அப்புறம் கம்பைக் காசிம் மச்சான் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, திருநள்ளாற்று பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள்.